இல்லை என்று சொல்லும் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இனோசி கொஞ்சம் தாமதமாகத்தான் போனார். மனைவி வசிதியின் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைக்கு என்னென்ன பாட்டு என்று பார்க்க நிமிர்ந்தார். சுவரில் மாட்டிய பலகையில் பாட்டு எண்கள் வழக்கம்போல வரிசையாகத் தொங்கின. அவற்றுக்குக் கீழே சாக்பீஸால் எழுதிய இன்னோர் எண் இருந்தது. எட்டு இலக்கம். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் அவ்வளவு பாட்டு கிடையாது. அது சுகாதார நிலையத்து வைஃபைக்கு இனோசி தாமே யோசித்து யோசித்து வெள்ளிக்கிழமை வைத்த பாஸ்வேர்ட்.

முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இடுப்பில் கட்டிய சூலுத் துணியின் மடிப்பிலிருந்து போனை எடுத்து, பிரசங்கம் தொடங்குவதற்குள் எண்ணைத் தட்டிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் இனோசி வாசலில் பெனாயாவைப் பிடித்தார். பெனாயா அவருடைய அத்தை மகன். கோயில் காரியக்காரரும் அவர்தான். பலகையில் எண் மாட்டுவது அவர் வேலை.

"ஏன் மச்சான், அதக் கொண்டுபோய்ப் பலகையில எழுதினே?"

"பின்ன? ஊரே உன் வீட்டு வாசல்ல வந்து நின்னா உனக்குத்தானே தொந்தரவு. வயசானதுங்க மேடேறி வரணும், நீ ஒவ்வொருத்தனுக்கா வாய் வலிக்கச் சொல்லணும். உனக்கு உதவி பண்ணிருக்கேன், நன்றி சொல்லு."

"நான் உங்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

"ஆமா. எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன புண்ணியம்? உன் மூஞ்சி என்னடா அழுகின ஈரப்பலா மாதிரி இருக்கு?"

இனோசி சட்டையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு நடந்தார். அவர் மேடேறிப் போவதைப் பார்த்தால் ஏதோ மூட்டை தூக்கிப் போகிறவர் போல இருக்கும். முதுகில் ஒன்றும் இருக்காது.

எங்கள் நுக்குவூலாத் தீவில் ஒருவர் 'கெரெக்கெரே' என்று வாய்திறந்து கேட்டுவிட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். உறவுக்காரனுக்கு இல்லை என்று சொல்வது வழக்கத்தில் இல்லை. இந்தத் தீவில் உறவில்லாதவர்கள் பாதிரியாரும் நர்ஸும் மட்டும்தான். அவர்களுக்கு இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை. ஆக, யாருக்குமே சொல்ல முடியாது. இது நல்ல வழக்கம்தான். பசித்துக் கிடந்தவன் என்று எங்கள் ஊரில் எவனும் கிடையாது. கொடுத்துக் கொடுத்துக் களைத்துப் போனவர்கள் உண்டு. அவர்களில் இனோசி முதல் ஆள்.

வாலிபத்தில் தபால் ஆபீசில் ரேடியோ டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் மூடிய பிறகும், ஞாயிற்றுக்கிழமையும், மழையிலும் வந்து கதவைத் தட்டுவார்கள். எழுந்து போய்த் திறப்பார். ஆக்லாந்திலிருந்து அண்ணன் ஒரு கறுப்புக் கோட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த மாப்பிள்ளையும் வேறு கோட்டில் கல்யாணம் செய்யவில்லை. இனோசி மட்டும் அதை ஒருநாளும் போட்டதில்லை. படகின் மோட்டார் பெனாயா வீட்டில் இருக்கிறது. நல்ல கத்தி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இதையெல்லாம் அவர் குறையாகச் சொன்னதில்லை. பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். அவர் பெருமூச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

அதனால்தான் சுகாதார நிலையத்தின் கூரையில் செயற்கைக்கோள் வட்டத்தட்டு மாட்டி, உள்ளே வைஃபை பெட்டி வைத்தபோது, பார்த்துக்கொள்ள இனோசியைப் போட்டார்கள். டெலிபோன் பார்த்தவர், இதையும் பார்ப்பார் என்றார்கள். பெட்டி புதிதில்லை. வேறெங்கோ ஓடிக் களைத்து நன்கொடையாக வந்தது. ஆளுக்கேற்ற பெட்டி என்று பெனாயா சொன்னார்.

முதலில் அது பூட்டில்லாமல்தான் இருந்தது. யாருக்கும் கஷ்டமில்லை. சிட்னியில் இருக்கிற மகளைப் பார்த்துப் பேசினார்கள், ரக்பி பார்த்தார்கள், கப்பல் எந்தத் தீவைத் தாண்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். அப்போதுதான் வசிதியின் காலில் புண் வந்தது.

வசிதிக்குச் சர்க்கரை. ஒருநாள் பவழப்பாறையில் கிளிஞ்சல் பொறுக்கப் போனவள் சின்னக் கீறலோடு வந்தாள். கீறல் ஆறவில்லை. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே குழியாகிவிட்டது. தலைநகர் சுவாவுக்குக் கப்பலில் போவதென்றால் ஆரோக்கியமானவனுக்கே குடல் வெளியே வரும். அதனால் வியாழக்கிழமைதோறும் பத்து மணிக்கு, நர்ஸ் உனாய்சி தன் கையடக்கக் கணினியை வசிதியின் காலுக்கு நேரே பிடிப்பாள். சுவாவிலிருந்து டாக்டர் லவேனியா பார்ப்பார். போட்டோ போதாது என்பார். விரலை அழுத்தி விட்டால் வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்ப ஏறுகிறதா, எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மருந்தா, கத்தியா என்று சொல்ல முடியும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஊரில் பாதிப்பேர் போனில்தான் இருப்பார்கள். படம் கட்டம் கட்டமாக உடையும். வசிதியின் கால், செங்கல் அடுக்கியது போல ஆகிவிடும்.

"நர்ஸ், அழுத்தினீங்களா? எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்பார் டாக்டர்.

"அழுத்தினேன் டாக்டர். கொஞ்சம் மெதுவாத்தான் ஏறுது."

"கொஞ்சம்னா எவ்வளவு? உங்க படம் நின்னுபோச்சு நர்ஸ். இப்ப உங்க முழங்கை மட்டும்தான் தெரியுது."

இனோசி பெட்டியின் பக்கத்தில் நின்று, அதில் கண்சிமிட்டும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சிமிட்டலும் யாரோ ஒருவருடைய மகளோ பேரனோ விளையாட்டோ என்று அவருக்குத் தெரியும். பாவிகளா, என் பெண்டாட்டி காலடா அது என்று கத்தத் தோன்றும். கத்த மாட்டார்.

பெட்டிக்குப் பூட்டுப் போடலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. சுவாவில் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். ரொஷ்னி என்று ஒரு பெண் எடுத்தாள். எந்தப் பக்கத்தைத் திறப்பது, எந்தப் பூட்டைத் தேர்ந்தெடுப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பழைய வகைப் பூட்டு வேண்டாம், ஊசி இருந்தாலே திறந்துவிடுவார்கள், புதுசு போடுங்கள் என்றாள்.

"இது நல்ல பூட்டு சார். யாராலயும் உடைக்க முடியாது. பாஸ்வேர்ட மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க."

"கேட்டா?"

"கேட்டாலும் சொல்லாதீங்க."

இனோசி போனை மறு காதுக்கு மாற்றினார். "நீ எந்த ஊரும்மா?"

"பா டவுன் சார்."

"அங்க உனக்குச் சொந்தக்காரங்க இல்லையா?"

"நிறைய இருக்காங்க சார். அதான் நான் சுவாவுல இருக்கேன்."

உடைக்க முடியாத அந்தப் பூட்டைத்தான் பெனாயா பலகையில் ஏற்றினார்.

இனோசி அதோடு விட்டுவிடவில்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் தொட்டுப் பார்த்தார். வைஃபையின் பெயர் யார் போனிலும் தெரியாமல் மறைத்தார். பெயர் தெரிந்தவன் தானே எழுதித் தட்டினால் அது திறக்கும். வந்து பெயரைக் கேட்டார்கள், சொன்னார். பிறகு வைஃபை அலை சுவரை விட்டு அதிக தூரம் போகாதபடி அதன் பலத்தைக் குறைத்தார். மறுநாளே ஊர் பாய்களைச் சுருட்டிக்கொண்டு வந்து சுகாதார நிலையத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. மரவள்ளிக்கிழங்கை அவித்து அங்கேயே கொண்டுவந்து தின்றார்கள்.

"அண்ணே, இத எப்படியாவது மாத்துங்க," என்றாள் உனாய்சி. அவள் கடாவுத் தீவிலிருந்து வந்தவள். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும், இப்போதெல்லாம் சிரிக்காமலே மூடிக்கொண்டிருந்தது. "ஊசி போட ஆள் யாருன்னு கேட்டா எல்லாரும் எழுந்து ஓடுறாங்க. நோயாளியும் சேர்ந்து ஓடிடுறான்."

மாற்றினார். பெட்டிக்கு அறிமுகமான போனை மட்டும் உள்ளே விடும் ஒரு வழி இருந்தது. உனாய்சியின் கணினி ஒன்றை மட்டும் அறிமுகப்படுத்தினார். அன்று மத்தியானமே ஊர்த் தலைவர் எரோனி, தம்முடைய போனைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்து, கூடவே ஒரு மீனையும் வைத்தார். தலைவருக்கு எப்படி இல்லை என்பது? தலைவருக்குக் கொடுத்துவிட்டுப் பாதிரியாருக்கு எப்படி இல்லை என்பது? பாதிரியாருக்குக் கொடுத்த பிறகு பாவிகளுக்கு இல்லை என்று சொன்னால் அது என்ன கிறிஸ்தவம்? மாதம் முடிவதற்குள் அந்தப் பெட்டிக்கு எங்கள் ஊரில் தெரியாத ஆள் இல்லை என்றாகிவிட்டது.

தம்மால் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைப் பெட்டியைச் சொல்லவைக்கலாம் என்று நினைத்தார் மனிதர். பெட்டி என்ன செய்யும்? பூட்டு அதனுடையது, சாவி இவரிடத்தில் இருந்தது.

அதைப் புரிந்துகொண்ட அன்று வசிதியைக் கைத்தாங்கலாகச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். பழைய அறிமுகங்களை அழித்தார். மறுபடி பாஸ்வேர்ட் பூட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

"நீ போடு. உனாய்சி கணினியில மட்டும் தட்டிக் குடு. எனக்குச் சொல்லாத."

"உங்களுக்கே தெரியாமயா?"

"எனக்குத் தெரியக்கூடாது. கேட்டா தெரியாதுன்னு உண்மையாவே சொல்லிடலாம் இல்ல."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். வசிதி ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. முடித்துவிட்டு, "திரும்பிக்கலாம்," என்றாள். சின்ன வயதில் அவள் ஆற்றில் குளிக்கும்போது இப்படித் திரும்பி நிற்கச் சொன்னது அவருக்கு நினைவு வந்தது.

வந்து கேட்டவர்களிடம் தெரியாது என்றார். பொய் இல்லை என்பதால் சுலபமாக வந்தது. வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கிறவளிடம் போய்க் கேட்க அவர்களுக்கும் கூச்சம். அந்த வியாழக்கிழமை படம் உடையவே இல்லை. டாக்டர் பார்த்தார், மருந்தை மாற்றினார், "இப்படியே பார்த்துக்கிட்டே வந்தா காப்பாத்திடலாம்," என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது இனோசி ஏதோ பாட்டை முணுமுணுத்தார். வசிதி அவரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் பாடிக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

அடுத்த வியாழன் படம் கொஞ்சம் உடைந்தது. மேகமாக இருக்கும் என்று நினைத்தார். அதற்கடுத்தது முழுக்க உடைந்தது. அதற்கடுத்த வாரம் உனாய்சி அழுத்திய விரல் டாக்டருக்குத் தெரியவே இல்லை. வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் பார்ப்போம், மோசமானால் கப்பல் ஏற்றிவிடுங்கள் என்றார். இனோசி பெட்டியின் பக்கத்தில் நின்று விளக்குகளைப் பார்த்தார். சிமிட்டிக்கொண்டே இருந்தன.

வீட்டுக்கு வந்து, வசிதியின் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"குடுத்திட்டியா?"

"ம்."

"யாருக்கு?"

"லிதியானாவுக்கு. அவ பையன் பட்டாளத்துல எங்கயோ பாலைவனத்துல இருக்கான். அவனுக்குப் பொறந்த நாளு. முகத்த மட்டும் பார்த்துட்டுத் திரும்பக் குடுத்துடுறேன்னு கேட்டா."

"பாஸ்வேர்ட எப்படித் திரும்பக் குடுப்பா?"

வசிதி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தார், திரும்ப எடுத்தார், வேறிடத்தில் வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்ந்தது.

"உன் காலுக்காகத்தானே நான் இந்தப் பாடு படுறேன். ஊர்ல எல்லார்கிட்டயும் திருடன் மாதிரி பெயர மறைச்சேன், பூட்டினேன். கடைசில உன்ன நம்பினேன். நீயே தொறந்து விட்டுட்டியே. விரல் போயிடும் வசிதி. உனக்குப் புரியுதா?"

வசிதி தன் காலைப் பார்த்தாள்.

"விரல் போனா நொண்டி நொண்டியாவது நடப்பேன். பெத்தவளுக்கு இல்லைன்னு சொல்லிட்டு இந்த ஊர்ல நான் எப்படிங்க நடக்குறது?"

அவரே அவள் இடத்தில் இருந்திருந்தால் லிதியானா கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே கொடுத்திருப்பார். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எழுந்து வெளியே போய், படகு கிடக்கும் இடத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டார். உடம்பில் ஒரு எலும்பும் தம்முடையதில்லை என்பது போல அயர்வாக இருந்தது.

மறுநாள் காலை அதே இடத்தில்தான் பெனாயா அவரைக் கண்டார். கையில் வாழைநாரில் கோத்த மீன்கள்.

"என்ன மச்சான், மோட்டார் இல்லாத படகுக்குக் காவலா?"

"மோட்டார் உன் வீட்லதான் இருக்கு."

"ஆமா, பத்திரமா இருக்கு. உங்கிட்ட இருந்தா எவனாவது கேட்டு வாங்கிட்டுப் போயிருப்பான்." மீனை நீட்டினார். "வசிதிக்கு. சூப்பு வெச்சுக் குடு. கால் எப்படி இருக்கு?"

"தெரியல."

"என்னடா தெரியல? டாக்டரம்மா வாராவாரம் பார்க்குறாங்களே."

"அவங்களுக்கும் தெரியல. நீங்க எல்லாரும் அந்த நேரத்துல பார்க்குறதாலதான்டா அவங்களுக்குத் தெரியல." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று இனோசிக்கு உறைத்தது. நிறுத்த முடியவில்லை. "இருக்குறது ஒரு குழாய் தண்ணி. ஊரே வாளி வெச்சா அவ காலுக்குச் சொட்டு வருது. அதுக்குத்தான் பூட்டு. அதுக்குத்தான் எல்லாம். பலகையில எழுதினியே, அந்த வாரம் உங்க டாக்டரம்மா பார்த்தது நர்ஸோட முழங்கைய."

பெனாயாவின் வாயில் எதற்கும் ஒரு கேலி தயாராக இருக்கும். சாவு வீட்டில்கூட இருக்கும். அன்று இல்லை. மீனைப் படகின் விளிம்பில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இத ஏன்டா இத்தன நாள் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சொன்னா, பார்க்காதேன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"ஆயிடும்தான்." பெனாயா மணலைக் காலால் கிளறினார். "நீ இந்தத் தீவுலயே பெரிய திமிர் புடிச்சவன்டா, தெரியுமா உனக்கு?"

"நானா?"

"நீதான். எங்க எல்லாரையும் வாங்க வெச்சே. ஒருநாளாவது எவன் வீட்டு வாசல்லயாவது வந்து நின்னு ஒண்ணு குடுன்னு கேட்டிருக்கியா? உன் கல்யாணத்துக்குக்கூடப் பாய் கேக்கல. நாங்களா கொண்டுவந்து விரிச்சோம். கேட்டா உன் தல எறங்கிடும்."

"எனக்கு என்ன வேணும் கேக்க?"

"அதான் சொன்னேன், திமிருன்னு." பெனாயா எழுந்தார். "பூட்டுப் போடாத. சொல்லவும் சொல்லாத. கேளு. யங்கோனா வேரத் தலைவர் முன்னால வெச்சு மொறையா கேளு. நீ கேட்டா எங்களுக்கு மட்டும் இல்லைன்னு சொல்ல வாய் வந்துடுமா?"

திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். கூட்ட வீட்டின் பாயில் எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்பக்கம். இனோசி, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடி உள்ளே வந்து, அதைத் தலைவர் எரோனியின் முன்னால் வைத்தார். பேச்சு நின்றது. இனோசி வேர் வைத்து யாரும் பார்த்ததில்லை. அவர் முன்னால் வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"யாருக்காகக் கொண்டுவந்திருக்கே?" என்றார் எரோனி.

"எனக்காகத்தான். கெரெக்கெரே."

யாரோ ஒருவர் வாய்தவறிச் சிரித்தார். இனோசியின் காது சிவந்துவிட்டது. இத்தனை காலம் தம் வாசலில் வந்து நின்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் நின்றார்களா என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. பார்வையைப் பாயிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"வியாழக்கிழம பத்து மணிக்கு வசிதியோட கால டாக்டர் பார்க்குறாங்க. நாம எல்லாரும் அந்நேரம் போன்ல இருந்தா அவங்களுக்குத் தெரிய மாட்டேங்குது. ஒரு மணி நேரம், ஊர்ல எல்லா போனையும் அணைச்சு வெக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

பின்பக்கத்தில் லிதியானா வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றாள். அவரால் அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

எரோனி வேரைத் தொட்டார். உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினார். சம்மதம் என்று எல்லோரும் தட்டினார்கள். முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இனோசிக்கு மலைப்பாக இருந்தது. இத்தனை மாதமாக அவர் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துப் பார்த்த எந்தப் பூட்டுக்கும் இவ்வளவு குறைந்த நேரம் ஆகவில்லை.

அன்று மத்தியானம் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, பூட்டு வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்தார். உங்கள் வலையமைப்புக்குப் பாதுகாப்பு இல்லை, உறுதிதானா என்று பெட்டி கேட்டது. அதற்கு என்ன தெரியும் பாவம். ஆம் என்று அழுத்தினார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கோயில் மரமுரசை பெனாயாவே அடித்தார். காணிக்கைக் கூடைகளை வீடு வீடாக எடுத்துப்போய் போன்களை வாங்கி வந்தார். யாராவது மறைத்தால் ஞாயிற்றுக்கிழமை பலகையில் பெயரை எழுதிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். பெட்டியில் ஒரே ஒரு விளக்குதான் சிமிட்டியது.

படம் அப்படியே கண்ணாடி போல வந்தது. டாக்டர் லவேனியா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கிட்டே வந்தார். உனாய்சி சுண்டுவிரலை அழுத்தி விட்டாள். அடுத்ததை அழுத்தினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது.

"அடுத்த கப்பல் எப்ப?" என்று கேட்டார் டாக்டர்.

"நாளைக்கு டாக்டர்," என்றாள் உனாய்சி.

"அதுல ஏத்திடுங்க. ரெண்டு விரல எடுக்கணும். கால காப்பாத்திடலாம்." அவரும் களைத்துத்தான் இருந்தார். "போன மாசம் இப்படித் தெளிவா பார்த்திருந்தா விரலையே காப்பாத்தியிருக்கலாமோ என்னவோ. இப்ப அதப் பேசி என்ன."

வசிதி தலையாட்டினாள். இனோசி பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பெட்டியைக் குறை சொல்ல முடியாது, ஊரைக் குறை சொல்ல முடியாது. கேட்ட உடனே கொடுத்துவிட்டார்களே. முதல் வியாழக்கிழமையே கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பார்கள். அது அவருக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

கப்பலில் ஒருவருக்குத்தான் கூடப்போக இடம் கிடைத்தது. உனாய்சி போனாள். இனோசி கரையில் நின்றார். கப்பல் வரை கொண்டுபோக, இனோசியின் படகில் வசிதியைத் தூக்கி வைத்தது பெனாயா. அந்தப் படகில் மோட்டார் திரும்ப மாட்டப்பட்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு முரசு கேட்டது. இனோசி மரவள்ளித் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார்.

"மச்சான், அவதான் இங்க இல்லையே. எதுக்கு அடிக்கிறே?"

"வியாழக்கிழமன்னு கேட்டே. எதுவரைக்கும்னு சொன்னியா? நாங்க பாட்டுக்கு அணைச்சுட்டோம்." பெனாயா கூடையைக் காட்டினார். "போ. சுகாதார நிலையத்துல உன்ன யாரோ கூப்பிடுறாங்க. உன் பெண்டாட்டிதான், வேற எவ கூப்பிடப்போறா உன்ன."

சுகாதார நிலையத்தில் விட்டுப்போயிருந்த உனாய்சியின் கணினியில் வசிதி இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலை கலைந்து, கொஞ்சம் இளைத்து. பின்னால் ஜன்னலில் சுவாவின் மழை தெரிந்தது. மழையின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

"சாப்டீங்களா?" என்றாள்.

"ம். காலக் காட்டு."

"கட்டு மாத்துறதுக்கு இப்பத்தான் பிரிச்சிருக்காங்க. நல்லா இருக்காது. வேண்டாமே."

"காட்டு."

உனாய்சியின் கை காமிராவைக் கீழே கொண்டுபோனது. மூன்று விரல்கள். அவற்றுக்குப் பக்கத்தில் தையல். எத்தனையோ வாரம் அவர் ஆசைப்பட்ட படம் அது. துளிகூட உடையாமல், அசையாமல், அவ்வளவு துல்லியமாக வந்தது. இனோசியால் பார்க்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

முகம் மறுபடி வந்ததும் சொன்னார்.

"வசிதி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"நீங்களா? என்ன கேக்கப்போறீங்க?"

"என்ன மன்னிச்சுடு. நான் மொதல்லயே ஊர்ல கேட்டிருக்கணும். கேக்கத் தெரியல. கூச்சமா இருந்துச்சு. உன் விரல்…"

வசிதி அவரையே பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் ஏறுவது இங்கே தெரிந்தது.

"கேட்டுட்டீங்க," என்றாள். "எனக்குத்தான் இல்லைன்னு சொல்லத் தெரியாதே."

வெளியே மரமுரசு இரண்டாம் தடவை அடித்தது. ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. காணிக்கைக் கூடையிலிருந்து அவரவர் போனை எடுத்துக்கொண்டு, அவரவர் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிமிட்டத் தொடங்கின. வசிதியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. இனோசி எழுந்து போகவில்லை. அந்தக் கட்டங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.